வெள்ளம் வடிந்த பின் எந்தக் கதவைத் தட்டுவது?



கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளம் பெரும்பாலும் ஆண்டின் கடைசியில் வரும். நம் கெடா மாநிலத்திலோ செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே வானம் கறுத்துவிடுகிறது. மூடா ஆறும் கெட்டில் ஆறும் கலங்கி ஓடத் தொடங்குகின்றன. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலை நின்றுபோகிறது. பள்ளத்தில் இருக்கும் லயங்களில் தாய்மார்கள் அரிசிச் சாக்கைத் தூக்கி மேசைமேல் வைக்கிறார்கள். இது நம் வீடுகளில் பல தலைமுறையாக நடந்து வரும் வழக்கம்.

தண்ணீர் வரும்போது என்ன செய்வது என்பது ஓரளவு நமக்குத் தெரியும். தண்ணீர் வடிந்த பின் யாரிடம் போவது, என்ன கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பேரிடர்க் காலத்தில் மக்களுக்கு உதவும் முறையை நம் அரசாங்கம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பலமுறை திருத்தி அமைத்திருக்கிறது. அந்தத் திருத்தங்கள் தோட்டத்து வாசல் வரையில் எப்படி வந்து சேர்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பதை இன்று சிந்திப்போம்.

முதலில் பழைய முறையை நினைத்துப் பார்ப்போம். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தில் எது நடந்தாலும் போய் நிற்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது ஆபீசு வாசல். கூரை பறந்தாலும், கிணற்றில் வெள்ளம் புகுந்தாலும் கங்காணியிடம் சொல்வார்கள். கங்காணி கிராணியிடம் சொல்வார். கிராணி துரையிடம் சொல்வார். துரைக்கு மனமிருந்தால் தகரம் வரும், அரிசி வரும். மனமில்லாவிட்டால் கோயிலில் கூடிக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு மறுநாள் பிரட்டுக்கு நிற்பார்கள். அந்த முறையில் நியாயம் குறைவு. ஆனால் போக வேண்டிய வாசல் எது என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமிருந்ததில்லை.

இன்று தோட்டங்கள் பல கை மாறிவிட்டன. சில துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வேலையைக் குத்தகையாளர்கள் எடுத்து நடத்தும் இடங்களும் உண்டு. ஆபீசு வாசலில் போய் நின்றால், "இது எங்கள் பொறுப்பன்று" என்ற பதில் வரலாம். அது எப்போதும் சரியான பதிலன்று. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டப்படி, வேலையாட்களுக்கு வீடு கொடுத்திருக்கும் முதலாளி அந்த வீடுகளைத் தகுந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். அதைக் கவனிப்பது தொழிலாளர் இலாகாவின் வேலை. ஆனால் வெள்ள நிவாரணம் என்பது வேறு. அதற்கான கதவு இப்போது ஆபீசில் இல்லை. மாவட்ட அதிகாரியின் அலுவலகத்தில் இருக்கிறது. கதவு மாறிவிட்டது, நம் கால்கள் இன்னும் பழைய வாசலையே தேடிப் போகின்றன.

நேயர்களே, இந்தக் கதவு எப்படி மாறியது?

1971ஆம் ஆண்டு ஜனவரியில் தலைநகர் கோலாலம்பூரே வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தார். அந்த வெள்ளம் கற்பித்த பாடத்தால் அதே ஆண்டு டிசம்பரில் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. வெள்ளம் வந்த பிறகு ஓடுவதைவிட, வருமுன்னே ஆற்றையும் கரையையும் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் அரசாங்க அளவில் அங்கே பிறந்தது.

அடுத்த பாடம் வெள்ளத்தால் வந்ததன்று. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்னும் அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். தீயணைப்புப் படை, போலீஸ், இராணுவம், மருத்துவமனை என்று பலரும் ஓடி வந்தார்கள். ஆனால் யார் சொல்லை யார் கேட்பது என்பதற்கு அப்போது தெளிவான ஏற்பாடு இல்லை. அதன் பயனாக 1994இல் ஸ்மார்ட் எனப்படும் சிறப்பு மீட்புக் குழு உருவானது. 1997ஆம் ஆண்டில் தேசியப் பாதுகாப்பு மன்றம் தனது 20ஆம் எண் உத்தரவை வெளியிட்டது. பேரிடர் நேரத்தில் எந்த இலாகா எந்த வேலையைச் செய்ய வேண்டும், தலைமை யாருடையது என்பதை வரையறுத்தது அந்த உத்தரவுதான். 2012இல் அது திருத்தப்பட்டது.

மூன்றாவது பாடம் 2014ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம். கிளந்தான், திரங்கானு, பகாங் உள்ளிட்ட மாநிலங்களில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினர். மீட்புப் பணி ஓரிடம், நிவாரணப் பணம் ஓரிடம், வீடு கட்டித் தரும் வேலை ஓரிடம் என்று சிதறிக் கிடந்ததன் சிரமம் அப்போது வெளிப்பட்டது. ஆகவே 2015ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி நட்மா எனப்படும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் பிரதமர் துறையின் கீழ் அமைக்கப்பட்டது. சிதறியிருந்த பொறுப்புகள் ஒரு கூரையின் கீழ் வந்தன.

இந்த அமைப்பை மூன்று படி உள்ள ஏணியாக எண்ணிக்கொள்ளலாம். முதற்படி மாவட்டம். அங்கே மாவட்ட அதிகாரி தலைவர். ஒரு மாவட்டத்துக்குள் அடங்கும் பேரிடரை அவருடைய குழுவே கவனிக்கும். பாதிப்பு பல மாவட்டங்களில் பரவினால் அல்லது மாவட்டத்தின் சக்திக்கு மீறினால் இரண்டாம் படியான மாநிலம் பொறுப்பேற்கும். மாநிலத்தாலும் ஆகாதென்றால் மத்திய அரசு இறங்கும்.

வேலைப் பகுப்பும் உண்டு. தீயணைப்பு மீட்புப் படையும் போலீசும் பொது தற்காப்புப் படையும் ஆட்களைக் காப்பாற்றுவார்கள். சமூகநல இலாகா துயர் துடைப்பு மையத்தைத் திறந்து, பெயர் பதிந்து, சோறும் பாயும் கொடுக்கும். வடிகால் நீர்ப்பாசன இலாகா ஆற்று நீர்மட்டத்தை அளக்கும். வானிலை ஆய்வு இலாகா மழை எச்சரிக்கை தரும். அந்த எச்சரிக்கைக்கு மூன்று நிறங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாயிரு. ஆரஞ்சு என்றால் நிலைமை மோசம். சிவப்பு என்றால் அபாயம். வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் இந்த நிறங்களைக் கேட்டால், அது நமக்குச் சொல்லப்படும் செய்தி என்று கொள்ள வேண்டும்.

நம் மாநிலத்து அனுபவம் என்ன சொல்கிறது?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி காலை, மலேசிய நேரப்படி ஒன்பது மணிக்குச் சற்று முன் சுமத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடா மீனவர் கிராமத்தைத் தாக்கியது நண்பகலுக்குப் பிறகுதான். இடையில் மூன்று மணி நேரத்திற்கு மேல் இருந்தது. பாதுகாப்பான இடத்துக்குப் போக அந்த நேரம் போதும். சொல்லத்தான் ஆளில்லை, ஏற்பாடில்லை. நாடு முழுவதும் 68 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பினாங்கிலும் கெடாவிலும் இருந்தவர்கள். அதன் பிறகே ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையமும் கடலோர அபாயச் சங்குகளும் வந்தன.

2010ஆம் ஆண்டு நவம்பரில் கெடாவின் வடபகுதியும் பெர்லிசும் மூழ்கின. அலோர் ஸ்டார் விமான நிலையம் மூடப்பட்டது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் வண்டி ஓடவில்லை. நெல் வயல்கள் கடலாயின. அந்த வெள்ளம் மெல்ல ஏறி மெல்ல வடிந்தது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் தேதி ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் அப்படிப்பட்டதன்று. மலையில் கொட்டிய மழை பாறையையும் மரத்தையும் அடித்துக்கொண்டு யான், மெர்போக் பகுதிகளில் பாய்ந்து உயிரைக் குடித்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கிலும் அவ்வாறே மலைவெள்ளம் வந்து மூவரைக் கொண்டு சென்றது.

மலையடிவாரத்துத் தோட்டங்களில் இருப்போர் இந்த வேறுபாட்டை நன்கு மனத்தில் வைக்க வேண்டும். ஆற்று வெள்ளம் நாட்கணக்கில் ஏறும். மலைவெள்ளம் நிமிடக் கணக்கில் வரும். நாம் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும். மலைமேல் மழை பெய்திருக்கும். ஓடை நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ, பாத்திரம் எடுக்கத் திரும்பாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். இந்த நேரத்தில் அரசாங்கத்து ஏணி நமக்கு உதவாது. அது வந்து சேருமுன் எல்லாம் முடிந்திருக்கும். முதல் அரை மணி நேரம் நாமே நமக்குத் துணை.

இனி, பணத்தைப் பற்றிப் பேசுவோம். வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மத்திய அரசு வழங்கும் உதவிக்கு 'வாங் இசான்' என்று பெயர். முன்பு குடும்பத் தலைவருக்கு 500 வெள்ளியாக இருந்தது. 2021ஆம் ஆண்டில் அது 1,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. உயிரிழப்பு நேர்ந்த குடும்பத்துக்கு 10,000 வெள்ளி வழங்கும் ஏற்பாடும் உண்டு. படுக்கை, அடுப்பு, பள்ளிச் சீருடை, இரண்டு வாரச் சம்பளம் ஆகிய எல்லாவற்றையும் இழந்த வீட்டுக்கு 1,000 வெள்ளி பெரிய தொகையன்று. ஆயினும் முதல் வாரத்தை வட்டிக் கடன் இல்லாமல் கடக்க அது கைகொடுக்கும். வட்டிக்காரரிடம் ஒருமுறை போனால் அந்த வெள்ளம் எத்தனை ஆண்டானாலும் வடியாது என்பதை நாம் அறிவோம்.

'இசான்' என்ற சொல்லுக்குக் கருணை என்று பொருள். கருணையாகக் கொடுப்பது வேறு, உரிமையாகப் பெறுவது வேறு. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005ஆம் ஆண்டில் பேரிடர் நிர்வாகத்துக்கென்றே தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பாதிக்கப்பட்டோருக்குக் குறைந்தபட்சம் என்னென்ன உதவி கிடைக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் வகுக்கும்படி இந்தியச் சட்டம் கூறுகிறது. நம் நாட்டு ஏற்பாடு 1997ஆம் ஆண்டின் உத்தரவை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்தது. உத்தரவு அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும். பொதுமக்கள் கையில் அது உரிமைப் பத்திரமாக இராது. கருணையின் அடிப்படையில் வரும் உதவி யாருடைய பெயர் பட்டியலில் இருக்கிறதோ அவருக்கே போய்ச் சேரும். ஆகையால் பெயர்ப் பதிவில்தான் நம் வலிமை இருக்கிறது.

தோட்டத்து மக்களுக்குச் சிக்கல் வருவதும் அந்த இடத்தில்தான். துயர் துடைப்பு மையத்துக்குப் போனவர்களின் பெயரைச் சமூகநல இலாகா பதிந்துகொள்கிறது. மையத்துக்குப் போகாமல் கோயில் மண்டபத்திலோ தங்கை வீட்டிலோ தங்கியவர்கள், கிராமத் தலைவர் போன்றோரின் உறுதிமொழியைக் காட்டி மனுச் செய்ய வேண்டி வருகிறது. கம்பத்தில் கிராமத் தலைவர் இருக்கிறார். கிராமக் குழு இருக்கிறது. தோட்டமோ தனியார் நிலம். நம் லயத்துக்குத் தலைவர் யார்? மண்டோரா, கோயில் தலைவரா, தொழிற்சங்கக் கிளைச் செயலாளரா? அடையாளக் கார்டில் உள்ள முகவரியோ, மூடப்பட்டுவிட்ட பழைய தோட்டத்தின் முகவரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே என்பார்கள். இங்கே பூசாரி யார் என்பதே தெரியாமல் போகிறது. பக்கத்துக் கம்பத்துக்கு உதவி வந்து, நடுவில் ஒரு வாய்க்கால் மட்டுமே உள்ள லயத்துக்கு வராமல் போனால், அதற்குப் பகைமை காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பல வேளைகளில் பட்டியலில் நம் வரிசை இல்லாததே காரணமாயிருக்கும். அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு அரசாங்கத்துக்கும் உண்டு, தோட்ட நிர்வாகத்துக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

தோட்டத் தொழிலாளர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை நம் இனத்தாரின் இரு துயரங்கள் காட்டும். இலங்கையில் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் மக்களுக்கு மாற்று வீடு அமையவில்லை. அடுத்தது கேரளத்தில் மூணாறு அருகே பெட்டிமுடி. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மண் சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்தன. 70 உயிர்கள் போயின. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப் போனதால் செய்தி வெளியே தெரியவே மறுநாள் ஆயிற்று.

இரண்டிலும் ஒரே பாடந்தான். துரை பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில் அல்லது சரிவில் என்ற பழைய கால அமைப்பு பல தோட்டங்களில் இன்னும் மாறவில்லை. எச்சரிக்கை ஒரு காகிதமாகக் கோப்பில் இருந்தால் போதாது; அந்தக் கடைசி வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அந்த வீட்டிலிருந்து ஒரு செய்தி திரும்பிப் போகவும் வழி வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? மழைக்காலத்துக்கு முன்பே செய்யக்கூடியவை ஐந்து.

முதலாவது, பட்டியல். ஒவ்வொரு தோட்டத்திலும் வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், அடையாளக் கார்டு எண், வீட்டிலுள்ளோர் எண்ணிக்கை, நடக்க முடியாத முதியோர், கைக்குழந்தை, ஊசி மருந்து போடும் நோயாளி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரே கூரையின் கீழ் தந்தை குடும்பமும் மகன் குடும்பமும் இருந்தால் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு பிரதி கோயிலில், ஒரு பிரதி தொழிற்சங்கக் கிளையில், ஒரு பிரதி தோட்ட ஆபீசில் இருக்கட்டும். மற்றொரு பிரதியை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வர வேண்டும். வெள்ளம் வடிந்த பின் எழுதும் பட்டியலைச் சந்தேகிப்பார்கள். வெள்ளம் வருமுன் எழுதிக் கொடுத்த பட்டியலைச் சந்தேகிப்பது கடினம்.

இரண்டாவது, பத்திரங்கள். "சூரா வெள்ளத்தில் போய்விட்டது ஐயா" என்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் தாய்மார்கள் சொல்ல, ஆசிரியர்களாகிய நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு, சொக்சோ, சேமநிதிக் கடிதங்கள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைத் தடித்த பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, உயரமான ஓரிடத்தில், எல்லாரும் அறிந்த இடத்தில் வையுங்கள். வீட்டில் ஒருவருடைய கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வைக்கலாம். அடையாளக் கார்டு வெள்ளத்தில் போனால் போலீசில் புகார் கொடுத்து, அந்தப் பிரதியோடு தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்றால் கட்டண விலக்குக் கேட்கலாம்.

மூன்றாவது, பதிவு. வீட்டில் தண்ணீர் புகுந்தால் கூடுமானவரை துயர் துடைப்பு மையத்துக்கே சென்று பெயர் பதியுங்கள். அங்கே தங்க மனமில்லாவிட்டாலும், எங்கே தங்கியிருக்கிறோம் என்பதைத் தெரிவித்து, பதிவுக்கு என்ன வழி என்று கேளுங்கள். சுவரில் தண்ணீர் ஏறிய அளவும், நனைந்த சாமான்களும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். துப்புரவு செய்யும் அவசரத்தில் சாட்சியை நாமே கழுவிவிடக் கூடாது.

நான்காவது, வங்கிக் கணக்கு. உதவித் தொகையைக் கணக்கில் செலுத்தும் முறை இப்போது வழக்கத்துக்கு வந்துவிட்டது. தந்தை வேறு ஊரில் வேலை செய்யும் வீடுகளிலும், தாயே குடும்பத்தைத் தாங்கும் வீடுகளிலும் தாயின் பெயரில் ஒரு கணக்கு கட்டாயம் இருக்க வேண்டும். பதியும்போது குடும்பத் தலைவர் தாமே என்பதை அத்தாய் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, கேட்கும் முறை. தனியாகப் போய்த் தலைசொரிந்து நிற்காமல், நாலைந்து குடும்பத்தார் ஒன்றாகப் போங்கள். மலாய்மொழி நன்றாக எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். மனுவின் பிரதியும், வாங்கிய அதிகாரியின் பெயரும், தேதியும் உங்களிடம் இருக்கட்டும். ஆபத்து நேரத்தில் அழைக்கும் எண் 999. சமூகநல உதவிக்கு அழைக்கும் எண் 15999. இவ்விரண்டையும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

"இதெல்லாம் நம்மால் ஆகுமா? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்களே" என்று சிலர் எண்ணலாம். தோட்டத்தில் திருவிழா வந்தால் வீட்டுக்கு எத்தனை வெள்ளி வரி, யார் கொடுத்தார், யார் பாக்கி என்று ஒரு காசு பிசகாமல் கணக்கு எழுதுகிறோம். ஒரு சாவு விழுந்தால் யார் எந்த வேலையைப் பார்ப்பது என்று யாரும் சொல்லாமலே பகிர்ந்துகொள்கிறோம். அந்தக் கட்டுப்பாடும் அந்தக் கணக்கும் இதற்குப் போதும். பட்டியல் எழுதும் வேலையை ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் பெரியவர்களின் மேற்பார்வையில் கொடுக்கலாம். வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதுவது அவர்களுக்குப் பாடம், தோட்டத்துக்குப் பாதுகாப்பு. எந்த வீட்டில் தூக்கிச் செல்ல வேண்டிய பாட்டி இருக்கிறார் என்பது அப்பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிடும்.

அதே வேளையில், எல்லாப் பாரத்தையும் எளியவர்கள் தலையிலேயே ஏற்றிவிட்டு அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. தோட்டக் குடியிருப்புகளையும் மாவட்டப் பேரிடர்த் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அங்கே உறுதிமொழி தரத் தகுந்த ஒருவரை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். நிலம் தனியாருடையதாயிருக்கலாம். அதில் வாழும் மக்கள் இந்நாட்டுக் குடிமக்கள். 1971, 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு திருத்தமும் மக்கள் பட்ட துன்பத்தைக் கண்ட பிறகே வந்தது. தோட்டத்து வாசல் வரை வர வேண்டிய அடுத்த திருத்தம், இன்னொரு துன்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; நம் விண்ணப்பத்தாலும் வரலாம்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம் முன்னோர் வாக்கு. பெரிய அணைகளை அரசாங்கம் கட்டட்டும். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு முத்திரை வாங்கிய பிரதி ஆகிய சிறிய அணையை இந்த வாரமே நாம் போட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கூடும்போது, நோட்டும் பேனாவும் யார் கொண்டுவருவது என்பதை மட்டும் இன்றிரவே முடிவு செய்துகொள்ளுங்கள்.